உச்சுக்கொட்டும் ஒலிக்கு எந்த எழுத்து?

யாராவது ஒரு துக்கச் செய்தி சொன்னால் நாம் உச்சுக்கொட்டுகிறோம். சுவரில் பல்லி சத்தம் போட்டாலும் சிலர் பதிலுக்கு உச்சுக்கொட்டுவார்கள். அந்த ஒலியை எழுதச் சொன்னால் 'ச்சு' என்றோ 'த்சொ' என்றோ எழுதுவோம். எழுதியதை அப்படியே வாசித்தால் அது உச்சுக்கொட்டல் மாதிரியே இருக்காது. வண்டிமாட்டை விரட்ட நாக்கைக் கடைவாய்ப் பக்கமாக இழுத்து எழுப்பும் ஒலிக்கும் நம்மிடம் எழுத்து இல்லை. நமக்கு அது குறையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் இந்த ஒலிகளை வைத்து நாம் சொற்களைக் கட்டுவதில்லை.

போட்ஸ்வானாவின் மேற்கே, கலஹாரி மணல்வெளியில், கான்சி மாவட்டத்தில் வாழும் நாரோ மக்களுக்கு இவை க, ச, த போல முழு மெய்யொலிகள். பேச்சில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மொழியியலில் இவற்றைச் சொடுக்கொலிகள் என்பார்கள். நாரோ மொழியில் அடிப்படைச் சொடுக்குகள் நான்கு. உச்சுக்கொட்டுவது ஒன்று, மாடு விரட்டுவது ஒன்று, பாட்டில் தக்கையைப் பிடுங்கினாற்போல 'டொக்' என்று வருவது ஒன்று, நாக்கை மேலண்ணத்தில் தட்டையாக ஒட்டிச் சட்டென்று பிரிப்பது ஒன்று. இவற்றோடு மூக்கொலி, மூச்சொலி, தொண்டையொலி எல்லாம் சேரும்போது சொடுக்கு மெய்கள் மொத்தம் 28 ஆகின்றன. (பக்கத்தில் யாரும் இல்லையென்றால் நான்கையும் ஒருமுறை செய்து பாருங்கள்.)

இப்படி ஒரு மொழியில் முதியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதே மொழியில் விவிலியத்தையும் பெயர்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பேசப்படும் ஏறக்குறைய 2,000 மொழிகளில் பலவற்றில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் ஒரே ஆட்கள் கையால் நடந்திருக்கின்றன. இவை எப்படிச் சேர்ந்தன, உள்ளே என்ன நடக்கிறது, சிக்கல் எங்கே வருகிறது என்பதை நாரோவையும் அதன் அக்கம்பக்கத்து மொழிகளையும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஆட்கள் யார் என்று தெரிந்துகொள்வோம். நாரோக்கள் சான் மக்களில் ஒரு பிரிவினர். 'புஷ்மென்' என்ற பழைய ஆங்கிலப் பெயரில் நம் பள்ளிப் புத்தகங்கள் குறிப்பிட்டது இவர்களைத்தான். வேட்டையாடியும் கிழங்கு, காய் சேகரித்தும் வாழ்ந்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைப் பண்ணையாளர்கள் வந்து குடியேறினார்கள். அதன்பின் தங்கள் நிலத்திலேயே பண்ணைக் கூலிகளாக ஆனவர்கள் இவர்கள். நாரோ பேசுபவர்கள் சுமார் 10,000 பேர். நாட்டின் பெரும்பான்மை மொழி செட்ஸ்வானா, ஆட்சி மொழி ஆங்கிலம். போட்ஸ்வானா 1980 வாக்கில் தேசிய எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எல்லோருக்கும் செட்ஸ்வானாவில்தான் பாடம் நடந்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் செட்ஸ்வானா சரளமாக வராத ஒரு நாரோக் கிழவிக்கு அது எழுத்து வகுப்பாக இருந்திருக்காது. புரியாத மொழியையும் தெரியாத எழுத்தையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றும் வகுப்பாகத்தான் இருந்திருக்கும்.

தாய்மொழி எழுத்தறிவு என்ற கருத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்குத் தன் மொழி முழுதாகத் தெரியும். இலக்கணம், பழமொழி, கிண்டல், திட்டு எல்லாம் கைவசம். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அந்த ஒலிகளைக் காகிதத்தில் எப்படிப் பிடித்துவைக்கிறார்கள் என்பது. ஆகவே அவர் கற்க வேண்டியது ஒரு குறியீட்டை மட்டும். எழுத்துக்கூட்டிச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன அடுத்த நொடி அர்த்தம் தானாக வந்து நிற்கும். வேற்று மொழியில் படித்தால் எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் சொல் ஊமையாகவே இருக்கும். 1953-இலேயே யுனெஸ்கோ ஓர் அறிக்கையில், எழுத்தைத் தொடங்கத் தாய்மொழிதான் சிறந்தது என்று சொல்லிவிட்டது.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கினி-பிசாவு பிரபலமான உதாரணம். போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றதும் அந்த நாடு முதியோர் கல்விக்காக, பிரேசிலின் புகழ்பெற்ற கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயையே அழைத்தது. 1970களின் நடுவில் நடந்த இயக்கத்துக்குப் போர்ச்சுகீசிய மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதோ, போர்ச்சுகீசியம் உள்ளூர் மொழிகளோடு கலந்து பிறந்த கிரியோலிலும் தங்கள் இனமொழிகளிலும்தான். ஒடுக்கப்பட்டவர்களின் கல்வியைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவரின் முயற்சி அங்கே பெரும்பாலும் தோற்றுப்போனது. மொழித் தேர்வு அதற்கு ஒரு முக்கியமான காரணம் என்று பின்னாளில் ஃபிரெய்ரேவும் ஏற்றுக்கொண்டார்.

சரி, தாய்மொழியில் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்தாகிவிட்டது. அதை எந்த எழுத்தில் எழுதுவது?

நாரோவின் தூரத்து உறவான நாமா மொழிக்கு 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரிகள் எழுத்து அமைத்தார்கள். சொடுக்குகளுக்குச் செங்குத்துக் கோடு, இரட்டைக் கோடு, குறுக்கே வெட்டிய கோடு, ஆச்சரியக்குறி என்று நான்கு குறிகள் வைத்தார்கள். மொழியியலாளர்களுக்கு இவை இன்றும் பிடித்தமானவை. எழுத்து பழகாத கண்ணுக்கோ பக்கம் முழுக்க வேலி நட்டதுபோல இருக்கும். அந்தக் காலத்துத் தட்டச்சுப் பொறியிலும் இந்தக் குறிகள் எல்லாம் கிடையாது. ஆச்சரியக்குறி வாக்கியத்தின் முடிவா, சொல்லின் தொடக்கமா என்ற குழப்பம் வேறு.

தெற்கே கோசா, சூலு மொழிகளில் வேறொரு வழி ஏற்கெனவே பழகியிருந்தது. ரோமன் எழுத்துகளில் அந்த மொழிகளுக்குத் தேவைப்படாமல் சும்மா கிடந்த சி, க்யூ, எக்ஸ் மூன்றையும் சொடுக்குகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1991-இல் கான்சி மாவட்டத்தின் டீகார் என்ற சிற்றூரில், அங்குள்ள சீர்திருத்தச் சபையின் ஆதரவில் நாரோ மொழித் திட்டம் தொடங்கியது. ஹெஸ்ஸல் விஸ்ஸர், கோபி விஸ்ஸர் என்ற டச்சுத் தம்பதி உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கடைசியில் அந்தத் திட்டமும் கோட்டுக் குறிகளை விட்டுவிட்டு இந்த வழிக்கு வந்தது. உச்சுக்கொட்டலுக்கு சி, தக்கை ஒலிக்கு க்யூ, மாடு விரட்டும் ஒலிக்கு எக்ஸ், நான்காவதுக்கு டி-யும் சி-யும் சேர்ந்த இரட்டை. எந்தக் கணினி விசைப்பலகையிலும் அடிக்கலாம். சாதாரண ஆளுக்கு 'நம் மொழியும் மற்ற மொழிகள் மாதிரி எழுத்தில்தான் இருக்கிறது' என்று தோன்றும். இந்தத் தோற்றம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் காலமெல்லாம் 'அது ஒரு மொழியா, கிளிக் கிளிக் என்கிறார்கள்' என்ற கேலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை.

இதே டீகாரில் ஓர் ஓவியக் கூடமும் இருக்கிறது. அங்கே வரைந்த நாரோப் பெண் ஒருவரின் ஓவியத்தை 1990களின் இறுதியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமானங்களின் வாலில் தீட்டியது. அவர் பெயரைத் தமிழில் எழுதினால் 'கோசே' என்று வருகிறது. முதல் ஒலியான சொடுக்கு காணாமல் போய்விட்டது. நான் இங்கே தோற்ற இடத்தில்தான் எழுத்து அமைப்பவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள்.

சொடுக்கு இல்லாத மொழிகளிலும் இந்தத் தலைவலி உண்டு, பெரும்பாலும் தொனி வடிவில். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மொழியில் 'ஒக்கொ' என்பதுபோல ஒலிக்கும் ஒரு சொல்லைக் குரலை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் கணவன், மண்வெட்டி, படகு, ஈட்டி என்று நான்கு பொருள் வரும். தொனிக்குறி போடாவிட்டால் வாசகர் ஊகிக்க வேண்டும். எல்லா உயிருக்கும் போட்டால் பக்கம் எறும்பு மொய்த்ததுபோல ஆகிவிடும். எவ்வளவு போட்டால் போதும் என்பதற்கு ஒவ்வொரு மொழியும் தனித்தனியாகத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. எ, ஏ வேறுபாட்டைக் காட்ட வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்த கதை நமக்குத் தெரியும். அதை இருபது மடங்கு பெருக்கி, பழைய ஏடு ஒன்றுகூட இல்லாத மொழியில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து முடிவானதும் பாடநூல் வரும். முதியோருக்கான அரிச்சுவடியை எழுத்து வரிசைப்படி அமைப்பதில்லை. அந்த மொழியில் அடிக்கடி வரும், நிறைய சொற்களைப் பெற்றுத் தரும் எழுத்துகளை முதலில் பொறுக்கி எடுப்பார்கள். ஒரு படம், அதன் கீழே ஒரு சொல். சொல்லை அசையாக உடைத்து, அசையில் உயிரை மட்டும் மாற்றிக் காட்டி, கிடைத்த அசைகளை வேறு விதமாகக் கோத்துப் புதுச் சொல் செய்யச் சொல்வார்கள். தமிழில் 'படம்' கற்றவரை 'பாடம்', 'படி', 'பாடி' வரை அரைமணி நேரத்தில் கூட்டிப்போவதுபோல. ஒரு பாடத்துக்கு ஒன்றிரண்டு புது எழுத்துகள் மட்டும். அப்புறம், அதுவரை படித்த எழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய குட்டிக் கதை. இன்னொரு வழியில், மாணவரே ஒரு கதை சொல்வார், ஆசிரியர் அதைப் பலகையில் அப்படியே எழுதுவார், சொன்னவரே அதை வாசிப்பார். தான் பேசிய சொல் சுவரில் நிற்பதைப் பார்ப்பது பெரியவர்களுக்குத் தனி அனுபவம்.

இந்த அரிச்சுவடியை முடித்துவிட்டு எதைப் படிப்பது? இந்தக் கேள்வியில்தான் விவிலியம் உள்ளே வருகிறது. சிறு மொழிகளில் செய்தித்தாள் இல்லை, நாவல் இல்லை, அரசாங்கப் படிவம்கூட இல்லை. பத்தாயிரம் பேர் பேசும் மொழியில் எந்தப் பதிப்பாளரும் லாபத்துக்குப் புத்தகம் போடமாட்டார். பல ஆண்டுகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தடிமனான ஒரு புத்தகத்தைக் கொண்டுவரும் பிடிவாதம் திருச்சபைகளுக்கும் விவிலியச் சங்கங்களுக்கும்தான் இருந்தது. ஆக, எழுத்தறிவுக்குப் படிக்க ஏதாவது வேண்டும், விவிலியத்துக்குப் படிக்க ஆள் வேண்டும். இரண்டும் கைகோத்துக்கொண்டன. இதில் மதம் பரப்பும் நோக்கம் இருப்பதை யாரும் மறைப்பதும் இல்லை. மொழியைக் காப்பாற்றும் வேலையும் அதே கையால் நடந்தது என்பதையும் மறுக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பு வேலை வெளியிலிருந்து பார்ப்பதைவிட மெதுவானது. தாய்மொழிக்காரர் ஒருவர் வரைவு எழுதுவார். குழு திருத்தும். பிறகு அதைக் கேட்டிராத ஊர்க்காரர்களிடம் வாசித்துக்காட்டி, 'என்ன நடந்தது, நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் கதை மூலத்திலிருந்து விலகினால் வரைவில் கோளாறு. அடுத்து, வரைவைச் சொல்லுக்குச் சொல் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து, கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்த ஆலோசகர் முன்னால் வைப்பார்கள். ஒரு வசனத்துக்கு ஒரு நாள் போவதும் உண்டு. நாரோவில் புதிய ஏற்பாடு 2012-இல் வந்தது, திட்டம் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து.

எதற்கு இவ்வளவு காலம்? ஒரு சின்ன உதாரணம். லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் எம்மாவு என்ற ஊருக்கு இருவர் நடந்து போகிறார்கள், உயிர்த்த இயேசு வழியில் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். ஒருவர் பெயர் கிளெயோப்பா. மற்றவர் யார், ஆணா பெண்ணா என்று லூக்கா சொல்லவில்லை. தமிழில் 'அவர்கள்' என்று போட்டுத் தப்பித்துவிடலாம். நாரோவில் முடியாது. அங்கே ஒருமை, பன்மைக்கு நடுவே இருமை உண்டு. இரண்டு ஆண்களுக்கு ஒரு வடிவம், இரண்டு பெண்களுக்கு ஒன்று, ஆணும் பெண்ணுமான இருவருக்கு இன்னொன்று. எதையாவது தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாக விளக்கவுரையாளர்கள் விவாதிக்கும் கேள்வியைக் கலஹாரியின் ஓரத்தில் ஓர் இலக்கண விகுதி வற்புறுத்திக் கேட்கிறது.

நமக்கும் இதன் சாயல் தெரியும். படகில் புயல் அடிக்கும்போது சீடர்கள் தூங்கும் இயேசுவை எழுப்பி, சாகப்போகிறோம் என்று அலறுகிறார்கள். கிரேக்கத்தில் அந்தப் 'போகிறோம்' இயேசுவையும் சேர்த்தா இல்லையா என்று தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'நாம்', 'நாங்கள்' இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. பழைய தமிழ் விவிலியத்தில் 'நாங்கள்' என்றுதான் இருக்கிறது.

இலக்கணத்தில் தவறினால் திருத்திவிடலாம். சமயச் சொற்களில் எடுத்த முடிவுகள் தலைமுறைகளுக்கு நிற்கும். செட்ஸ்வானாவின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். ஸ்காட்லாந்து மிஷனரி ராபர்ட் மொஃபாட் குருமான் என்ற இடத்தில் தங்கி அந்த மொழியில் விவிலியத்தைப் பெயர்த்தார். லூக்கா 1830-இல், புதிய ஏற்பாடு 1840-இல், முழு விவிலியம் 1857-இல். லூக்காவை அச்சிட அவர் கேப் டவுன் வரை போனார். அரசு அச்சகத்தில் இடம் கிடைத்தது, எழுத்துக் கோக்க ஆள் கிடைக்கவில்லை, தானே கோத்தார். பிறகு குருமானுக்கே ஓர் அச்சுப்பொறி வந்துசேர்ந்தது. அசாத்திய உழைப்பு, சந்தேகமே இல்லை.

கடவுளுக்கு அந்த மக்களிடம் இருந்த 'மொதிமோ' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அதே வேரிலிருந்து வரும் 'பதிமோ' என்றால் மறைந்த முன்னோர். குடும்பத்தைக் காப்பவர்கள், வணக்கத்துக்குரியவர்கள். நற்செய்தியில் பிசாசு பிடித்தவர்களை இயேசு குணமாக்கும் இடங்களில், பிசாசுகளுக்கு மொஃபாட் போட்ட சொல் இந்தப் பதிமோதான். 'குலசாமியைத் துரத்துங்கள்' என்று வேதம் சொல்வதாக ஒரு புத்தகம் உங்கள் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. போட்ஸ்வானாவைச் சேர்ந்த விவிலிய அறிஞர் மூசா டூபே 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த மொழிபெயர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார். அதே கட்டுரையில் அவர் காட்டும் இன்னொரு பக்கம் எனக்கு அதைவிடச் சுவாரசியமானது. ஆப்பிரிக்கர்களே நிறுவிய சபைகளில் மக்கள் அந்த விவிலியத்தையே குறிபார்க்கும் கருவியாக்கி, தங்கள் முன்னோருடன் உறவைத் தொடர்ந்தார்களாம். மொழிபெயர்த்தவர் ஒன்றை நினைத்துச் சொல்லைப் போட, வாசித்தவர்கள் வேறொன்றைச் செய்துவிட்டார்கள்.

நாமாவில் வேறு வழியில் போனார்கள். அங்கே கடவுளுக்குப் பழைய பெயர் இருந்தும் எபிரேய 'எலோகிம்' என்பதிலிருந்து 'எலோப்' என்று புதுச் சொல் செய்தார்கள். பிசாசுக்கு மட்டும் உள்ளூர்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கடவுள் இறக்குமதி, சாத்தான் சொந்த ஊர்! அந்தப் பெயரோடு உறவுள்ள பெயர் சான் மக்களின் கதைகளில் நோயும் கொடுக்கும், குணமும் கொடுக்கும், ஏமாற்றவும் செய்யும் ஓர் ஆளைக் குறிக்கிறது. முழுக்கக் கெட்டவன் என்று அவனை முத்திரை குத்தினால் கதைகளில் பாதி புரியாமல் போய்விடும்.

இந்த முடிவுகளை எடுத்தது யார் என்று பார்த்தால் அட்டையில் ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் ஐரோப்பிய ஆணின் பெயர். நாமா மொழியில் நான்கு நற்செய்திகளும் 1831-இல் கேப் டவுனில் அச்சாயின. பெயர்த்தவர் ஜெர்மன் மிஷனரி யோஹான் ஹைன்ரிஹ் ஷ்மெலன் என்று வரலாறு நெடுங்காலம் சொன்னது. அவருக்குச் சொடுக்கொலிகள் ஒழுங்காக வாய்க்கவில்லை. வேலையின் பெரும்பகுதி அவருடைய நாமா மனைவி ஸாராவை நம்பியே நடந்தது. அச்சு வேலை முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஸாரா இறந்துபோனார். அவருடைய பங்கை ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. பல நாடுகளில் தாய்மொழிக்காரர்களே மொழிபெயர்ப்பாளர்கள், வெளியாட்கள் ஆலோசகர்கள்.

புத்தகம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? வெளியீட்டு விழாவில் ஆட்டமும் பாட்டும் இருக்கும். பிறகு பெட்டிகள் கோயில் அறையில் தூசி படியக் கிடப்பதும் ஆப்பிரிக்காவில் பல இடங்களில் உண்டு. எழுத்தறிவு வகுப்பு பின்தங்கிப் போயிருந்தால் வாசிக்க ஆள் இருக்காது. அதனால்தான் இப்போது அச்சோடு கூடவே ஒலிப்பதிவையும் கொண்டுவருகிறார்கள். கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்துப் போவது புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவுகிறது.

இன்னொரு கேள்வியை வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களே கேட்பார்கள்: 'இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?' நேர்மையான பதில், கிடைக்காது என்பதுதான். வேலை செட்ஸ்வானாவிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தாய்மொழியில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் அந்த மொழிகளுக்குத் தாவுவது எளிது என்று ஆசிரியர் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் பண்ணையில் நாள்முழுக்க வேலை செய்துவிட்டு மாலையில் வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது தூரத்துப் பதில். பாதியில் நின்றுவிடுபவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டீகார் திட்டம் புதிய ஏற்பாட்டுக்கு முன்பே ஓர் அகராதியை முடித்துவிட்டது. விஸ்ஸரின் நாரோ அகராதி 2001-இல் வந்தது. புதிய ஏற்பாட்டில் மீன்வலை உண்டு, திராட்சைத் தோட்டம் உண்டு, கப்பல் உண்டு. கலஹாரியில் தாகத்துக்கு எந்தக் கிழங்கைத் தோண்டுவது, எந்த மானின் தடம் எப்படி இருக்கும் என்பவற்றுக்கெல்லாம் அதில் இடம் இல்லை. அந்தச் சொற்கள் எழுத்தில் தங்க அகராதியும் பதிவுசெய்த கதைகளும்தான் வழி.